அந்தக் குதிகால் வலி

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நாம் போனில் நாற்பது நிமிடம் பேசினோம். அதில் பெரும்பகுதி உன் தலையைப் பற்றித்தான். பொடுகு என்று நினைத்து இரண்டு வருடம் ஷாம்பு மாற்றிக்கொண்டே இருந்தது, காதுக்குப் பின்னால் செதில் தடித்தது, பெங்களூர் தோல் மருத்துவர் பார்த்தவுடனே சொரியாசிஸ் என்று சொன்னது, ஆட்டோவில் அழுதுகொண்டே அறைக்குத் திரும்பியது என்று எல்லாவற்றையும் சொன்னாய். போனை வைக்கப் போகும்போது, "காலையில் எழுந்தால் குதிகால் வலிக்கிறது அப்பா, புதுச் செருப்பு சேரவில்லை போல" என்றாய். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் என் குரல் உடைந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம்.

எனக்கும் இதே சொரியாசிஸ்தான். முதல் படை வந்தது 1991-இல், இருபத்தொன்பது வயதில், இரண்டு முழங்கைகளிலும். அப்போது பழனி வண்டியில் கண்டக்டர். ஒரு நாள் ஒரு பெரியவர் நான் நீட்டிய சில்லறையை வாங்காமல், "சீட்டில் வையுங்கள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். அன்றிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. பணிமனையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நோயைவிட அந்த மறைப்புதான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது. எப்படி என்று சொல்கிறேன்.

2003 வாக்கில் வலது கையின் இரண்டு விரல்கள் வீங்கின. மூட்டு மட்டும் வீங்கவில்லை, விரல் முழுவதும் வாழைப்பிஞ்சு போல உருண்டது. காலையில் மடக்க முடியாது. வெந்நீரில் வைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போட முடியும். நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிற கைதானே, வேலையால் வரும் வலி என்று நானே முடிவு கட்டினேன். எலும்பு மருத்துவரிடம் போனபோது தோல் நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. கூச்சம். அவர் வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எடுத்தார், எதுவும் இல்லை என்று வந்தது. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். தோல் மருத்துவரிடம் போனபோது விரல் வலியைச் சொல்லவில்லை. அது வேறு நோய் என்ற நினைப்பு. இப்படியே ஆறு வருடம் போயிற்று.

2009-இல் ஓர் இளம் பெண் மருத்துவர் என் முழங்கையைப் பார்க்காமல் முதலில் நகங்களைப் பார்த்தார். ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். "காலையில் விரல் மடங்குகிறதா ஐயா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அது சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதம், சாதாரண வாதப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபடாது என்றார். எக்ஸ்ரேயில் இரண்டு விரல் மூட்டுகள் அரித்துப் போயிருந்தன. மருந்து வலியை நிறுத்தியது, அரித்ததைத் திருப்பித் தரவில்லை. நீ சின்ன வயதில் பிடித்து விளையாடிய அந்தக் கோணல் விரல்கள் அப்படி வந்தவைதான், பாப்பா.

சொரியாசிஸ் இருப்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை மூட்டு பாதிக்கலாம். தலையிலும் நகத்திலும் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். விரலில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. தசைநார் எலும்பில் சேரும் இடத்தில் வீக்கம் வரும், அதில் குதிகால் முக்கியமான இடம். காலையில் வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். உன்னுடையது செருப்பால் வந்ததாகவே இருக்கலாம், அப்படியே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ரூமட்டாலஜிஸ்ட் என்கிற மூட்டுவாத மருத்துவர். நீயும் நானும் இல்லை. ஆறு மாதத் தாமதம்கூட மூட்டில் தழும்பு விட்டுப் போகலாம். நான் ஆறு வருடம் விட்டேன்.

இந்தச் சொரியாசிஸ் ஏன் வருகிறது என்று கேட்டாய். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். தோலின் அடியில் பிறக்கும் செல் மெதுவாக மேலே வந்து, காய்ந்து, நமக்குத் தெரியாமல் உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் இருக்கும் நமக்கு அது மூன்று முதல் ஐந்து நாளில் நடக்கிறது. அரை மணிக்கு ஒரு பஸ் வர வேண்டிய நிலையத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் என்ன ஆகும்? வெளியே போக வழியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அந்த நெரிசல்தான் செதில். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, இல்லாத எதிரியோடு சண்டை போட்டு அந்த வேகத்தை ஏற்றிவிடுகிறது. அழுக்கால் வருவதில்லை, ரத்தம் கெட்டு வருவதில்லை. கைகுலுக்கினாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதைத் தொழுநோயோடு குழப்பியது. 1841-இல் வியன்னாவில் ஹீப்ரா என்ற மருத்துவர்தான் இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார். இன்று தொழுநோயே மருந்தால் குணமாகிறது. ஆனால் அந்தப் பழைய பயம் பழனி பஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இந்தத் தன்மை என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும். அதை நினைத்து நேற்று இரவு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணனுக்கும் என் ரத்தம்தான், அவனுக்கு இல்லை. மரபு கதவைத் திறந்து வைக்கும், தொண்டைப் புண்ணோ மன அழுத்தமோ வேறு ஏதோ ஒன்றோ உள்ளே தள்ளிவிடும் என்று மருத்துவர் சொல்வார். நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை.

அம்மா கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்வாள். நான் பதினோரு வருடம் நிறுத்திப் பார்த்தேன், ஒரு செதிலும் குறையவில்லை. உனக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயே கண்டால் மட்டும் விடு. உடல் எடை, புகை, மது ஆகியவை உண்மையிலேயே இதைக் கூட்டும். பீடியை விட்ட பிறகு எனக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது.

தலையை நகத்தால் சுரண்டாதே. இதை அதட்டித்தான் சொல்கிறேன். காயம்பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்பும், அது இந்த நோயின் குணம். இரவில் எண்ணெய் வைத்து ஊறவிட்டு, செதில் இளகிய பிறகு மருத்துவர் கொடுத்த தார் ஷாம்புவால் அலசு. குளித்து ஈரம் காயும் முன் உடம்புக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவு. பெங்களூர் மார்கழிக் குளிரில் ஒரு நாள் விட்டாலும் தோல் வெடிக்கும்.

1998-இல் நான் செய்த காரியத்தை நீ செய்துவிடக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருவர் பேரில்லாத பொட்டலம் கொடுத்தார். பத்தே நாளில் தோல் கண்ணாடி போல ஆகிவிட்டது. கோவிலுக்குப் போய் மொட்டை போட்டேன். பொட்டலம் தீர்ந்து மூன்றாவது வாரம் உச்சி முதல் பாதம் வரை சிவந்து, குளிர் நடுக்கம் எடுத்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இந்த நோய் அப்படித்தான் சீறும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அதில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயரே இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாக இறங்கும் தைலத்தை நானும் தடவுகிறேன், அரிப்புக்கு இதமாக இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போகலாம். என்ன மருந்து என்று சொல்ல மறுப்பவரிடம் மட்டும் போகாதே. கடையில் நீயாகக் களிம்பு வாங்கி முகத்தில் தடவுவதும் வேண்டாம்.

மூட்டிலும் இருக்கிறது என்று தெரிந்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதலாம். நான் சாப்பிடுவது அதுதான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. நம் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் நான் போடும் சிவப்பு வட்டம் எதற்கென்று சிறுவயதில் கேட்பாயே, அதற்குத்தான். ஃபோலிக் அமில மாத்திரை தனி. ரத்தமும் கல்லீரலும் சொன்ன தேதியில் பரிசோதிக்க வேண்டும். அந்த மருந்தில் இருக்கும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. அதனால் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதையும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல். அதற்கேற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. புதிய ஊசிகளும் வந்திருக்கின்றன, எனக்கு முதல் படை வந்த காலத்தில் அவை இல்லை. அவற்றைப் போடும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பயந்துவிடாதே.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அம்மா உனக்குத் தனியாகச் சொல்லியிருப்பாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது, இத்தனை வருடம் என்னோடு சேர்ந்து மறைத்தவள் அவள். ஆனால் நான் அவர்களிடம் சொல்லப்போகிறேன். நீ சரி என்றால் மட்டும். கேட்டுவிட்டு அவர்கள் எழுந்து போனால் போகட்டும். நீ ஒரு வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையோடு வாழ நான் விடமாட்டேன்.

நாளை காலையிலிருந்து ஒரு காரியம் செய். எழுந்ததும் குதிகால் வலி எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வை. முதுகின் கீழ்ப்பகுதி விறைக்கிறதா, எந்த விரலாவது வீங்குகிறதா என்பதையும் எழுது. நகங்களை வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள். கண் சிவந்து வலித்தால் காத்திருக்காதே, அன்றைக்கே கண் மருத்துவரைப் பார். வெள்ளிக்கிழமைக்கு ரூமட்டாலஜிஸ்டிடம் நேரம் வாங்கிவிடு. என் பழைய எக்ஸ்ரேக்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வருகிறேன். அப்பாவுக்கு இருக்கிறது என்று நீ வாயால் சொல்வதைவிட என் விரல்களையே அவர் பார்க்கட்டும்.

வியாழன் இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். விடிவதற்குள் பெங்களூர் மடிவாளாவில் இறங்கிவிடுவேன். நீ அழைக்க வராதே, அந்த நேரத்தில்தான் உனக்குக் கால் வலிக்கும். முகவரி என்னிடம் இருக்கிறது. அரைக்கை சட்டைதான் போட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா