நீங்கள் சர்வீஸ் செய்து கொடுத்த ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த, கனத்த சத்தம்) இல்லை: மூன்றாவது புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: வாரண்டியில் உள்ள ஹெட்போனைப் பழுதுபார்க்கிறேன் என்று கெடுத்துக் கொடுத்தது குறித்து.

ஐயா,

வணக்கம். இதற்கு முன்னால் இரண்டு மெயில் அனுப்பினேன். இரண்டுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில், அதுவும் நான் அனுப்பிய அதே நிமிடத்தில் வந்துவிட்டது. யாரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1,799 ரூபாய் உங்களுக்குச் சின்னக் காசாக இருக்கலாம். நான் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறை வைத்திருப்பவன், எனக்கு அது சின்னக் காசு இல்லை.

முதலில் இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. என் மகனுக்குப் பதினான்கு வயது. தவில் கற்றுக்கொள்கிறான். வாரத்தில் இரண்டு நாள்தான் பாடம், மற்ற நாளில் ஆசான் சொல்லியும் வாசித்தும் காட்டியதை போனில் பதிவு செய்துகொண்டு வந்து வீட்டில் கேட்டுக் கேட்டுச் சாதகம் பண்ணுவான். போன் ஸ்பீக்கரில் வலதுபக்கமான வலந்தலைச் சத்தம் மட்டும்தான் டகடகவென்று கேட்கும். இடதுபக்கத் தொப்பியில் பூவரசங்குச்சி விழும் அந்த ‘தொம்’ இருக்கிறதே, அது போன் ஸ்பீக்கரில் வரவே வராது. தொப்பி கேட்காமல் தவில் பாடம் கேட்பது, பாதிப் பக்கம் கிழிந்த புத்தகத்தைப் படிப்பது மாதிரி. பெரிய ஸ்பீக்கரில் போடலாம் என்றால் எங்களுடையது பழைய வளவு வீடு, பட்டாலையில் ஒரு டம்ளர் விழுந்தாலே வீடு முழுக்கக் கேட்கும். அப்பத்தாவுக்கு உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார். அதனால்தான் ஹெட்போன், அதனால்தான் பேஸ் நன்றாக இருக்கும் ஹெட்போன்.

சும்மா பெட்டியைப் பார்த்து வாங்கவில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்று, ஆசானின் அதே பதிவைப் போட்டு ஆறு ஹெட்போன் மாட்டிப் பார்த்தோம். 2,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், காதை முழுவதும் மூட வேண்டும் (மூடாவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும்), வயர் இருக்க வேண்டும், ஏனென்றால் புளூடூத்தில் சத்தம் ஒரு நொடியின் சிறு பங்காவது பிந்தி வரும், தாளம் பழகுகிறவனுக்கு அது ஆகாது. சிலது பேஸ் என்ற பெயரில் எல்லாவற்றையும் போர்வை போட்டு மூடியது மாதிரி அமுக்கின, ஆசான் சொல்லும் சொல்லே கேட்கவில்லை. உங்களுடையதில்தான் தொப்பியும் இறங்கிக் கேட்டது, வலந்தலையும் தனியாகத் தெரிந்தது. பையன் முகத்தைப் பார்த்தே ஜூன் 8-ஆம் தேதி பணம் கொடுத்துவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பொருள் நல்ல பொருள். முதல் பன்னிரண்டு நாள் அது நன்றாகத்தான் பாடியது. நான் உங்களைத் திட்டுவதற்கென்று எழுதவில்லை.

பதின்மூன்றாம் நாள் இடதுபக்கம் கரகரவென்று உதறியது, பிறகு மெலிந்தது. இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், பாவம், சின்னப் பிள்ளை போல, மரியாதையாகத்தான் பேசினார். "இதில் 40 மில்லிமீட்டர் ட்ரைவர் என்று போட்டிருக்கிறீர்களே, இடதுபக்க ட்ரைவர் போய்விட்டது போல" என்றேன். "ட்ரைவர் எங்க வெப்சைட்ல டவுன்லோட் பண்ணிக்கலாம் சார்" என்றார். ஐயா, அவர் சொன்னது கம்ப்யூட்டரில் போடுகிற மென்பொருள், நான் சொன்னது வேறு, ஹெட்போனுக்குள் சத்தம் எழுப்புகிற பொருளுக்கே அதுதான் பெயர், உங்கள் பெட்டியிலேயே பெரிதாக அச்சடித்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதது யார் குற்றம்? கம்பெனிக்குத் தன் பொருளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நம்பித்தானே நாங்கள் போன் பண்ணுகிறோம்.

மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி, அங்கிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை, இறங்கி இன்னொரு டவுன் பஸ். ஜூன் 27-இல் கொடுத்துவிட்டு வந்தேன். ஜூலை 9-இல் "ரெடி, வாங்க" என்று போனில் சொன்னார்கள், போனால் "பார்ட்ஸ் வரலை, யார் உங்களை வரச்சொன்னது" என்றார்கள். வரச்சொன்ன எண் என் போனில் இருந்தது, காட்டினேன், "அது கால் சென்டர், நாங்க வேற" என்றார்கள். சரி, பேசாமல் திரும்பினேன். ஜூலை 23-இல் மூன்றாவது முறை போய் வாங்கிக்கொண்டு வந்தேன். இடதுபக்க ட்ரைவர் மாற்றியாகிவிட்டது என்று ரசீதில் எழுதியிருந்தது.

அன்று ராத்திரி பையன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்தில் கழற்றி, "அப்பா, ஆசான் எங்கே இருக்கார்னே தெரியல" என்றான். எனக்குப் புரியவில்லை, நான் மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சத்தம் வருகிறது. ஆனால் ஆசான் குரல் நடுமண்டையில் நிற்க வேண்டியது, இரண்டு காதுக்கும் வெளியே சிதறி எங்கேயோ மிதக்கிறது, தொப்பி சுத்தமாக இல்லை. ‘த தி தொம் நம்’ என்று சொல்லி வாசிக்கிறாரே, அதில் தொம் வர வேண்டிய இடத்தில் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம்.

மறுநாள் எங்கள் ஊர்ப்பக்கம் மைக் செட் வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். இருபது வருடமாகக் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டுகிறவர். மாட்டிய உடனே சொல்லிவிட்டார்: "தம்பி, இதுல ஒரு பக்கம் ப்ளஸ் மைனஸ் வயரை மாத்திப் பத்தவச்சிருக்காங்க." இரண்டு பாக்ஸில் ஒன்றுக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுத்தால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் காணாமல் போகும், மைக் செட்டில் வேலைக்குச் சேருகிற பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதானாம். நான் நம்ப வேண்டும் என்று செய்தும் காட்டினார். தன் டிஜிட்டல் மிக்சரில் பதிவை இரண்டு சேனலில் போட்டு, ஒன்றை முழுக்க இடதுக்கும் ஒன்றை முழுக்க வலதுக்கும் தள்ளி, ஹெட்போனைச் செருகி, இடதுபக்கச் சேனலுக்கு மட்டும் ஃபேஸ் மாற்றும், அதாவது ப்ளஸ் மைனஸைத் திருப்பிப் போடும் பட்டனை அமுக்கினார். ஐயா, அந்த நொடியில் தொம் என்று நடுமண்டையில் வந்து விழுந்தது. பட்டனை எடுத்தால் போய்விடுகிறது, அமுக்கினால் வருகிறது. பத்து முறை செய்து பார்த்தோம், வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை, "பிரித்துவிட்டீர்கள், வாரண்டி போச்சு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அண்ணனே பிரித்து மாற்றிப் பற்றவைத்துத் தருகிறேன் என்றார், அந்த ஒரே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

அதாவது, வாங்கும்போது இல்லாத குறை இது. உங்கள் ஆள் புது ட்ரைவர் போடும்போது இரண்டு வயரை மாற்றிப் பற்றவைத்ததால் வந்த குறை. திரும்ப மாற்ற ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிட வேலைக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே!

இதைச் சொல்ல மறுபடி போன் செய்தால், "ஈக்வலைசர்ல பேஸ் கூட்டி வைங்க சார்" என்றார் ஒருவர். இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் என்ன ஆகும், எதிரெதிராக இன்னும் வேகமாக இழுக்கும், வேறென்ன? இன்னொருவர், "பையன் கண்ணாடி போட்டிருக்கானா? காம்பு வழியா பேஸ் லீக் ஆகும்" என்றார். அது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நான் கண்ணாடி போடுவதில்லை, மைக் செட் அண்ணனும் போடுவதில்லை, எங்களுக்கும் தொப்பி கேட்கவில்லையே. மூன்றாமவர், "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை வரும்னு பாக்ஸ்லயே இருக்கே சார்" என்று, அதாவது மிகத் தாழ்ந்த சத்தத்திலிருந்து மிக உயர்ந்த சத்தம் வரை வரும் என்று, பெட்டியையே எனக்குப் படித்துக் காட்டினார். வருகிறதா என்பதா கேள்வி? எவ்வளவு வருகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறதா என்பதுதானே கேள்வி.

இப்போது ஆகஸ்ட் 6-க்கு வருகிறேன். மற்றதையெல்லாம் மறந்துவிடுவேன், இதை மறக்க மாட்டேன். நான்காவது மதுரைப் பயணம். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன், அவன் வாயால் சொன்னால் நன்றாகப் புரியும் என்று. டோக்கன் வாங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் ஹெட்போனை வாங்கினார், தன் போனில் ஏதோ ஒரு டிஜே பாட்டைப் போட்டார், ஹெட்போனைத் தலையில் மாட்டக்கூட இல்லை, வலதுபக்கத்தை மட்டும் தூக்கி ஒரு காதில் ஒட்டிவைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டே, "நல்லாத்தானே குத்துது" என்றார். ஒரு காதில் வைத்துக் கேட்டால் இந்தக் குறை தெரியவே தெரியாது, இரண்டு காதிலும் மாட்டினால்தான் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதுதானே குறையே. "தம்பி, இரண்டு காதிலயும் மாட்டிப் பாருங்க, நான் கொண்டுவந்த பதிவைப் போட்டுப் பாருங்க" என்று மூன்று முறை கெஞ்சினேன். வீடியோவைக் காட்டினேன், பார்க்கவில்லை. கடைசியில் சொன்னார்: "பெருசு, இது கல்யாண மேளத்துக்குச் செஞ்ச ஹெட்போன் இல்ல. ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு இவ்வளவுதான் வரும். காது டாக்டர்கிட்ட காட்டுங்க."

என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான் ஐயா. தவிலைத் தோளில் மாட்டும்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாட்டுகிற பிள்ளை. அவன் முன்னால் அவன் வாசிக்கிற வாத்தியத்தை அப்படிச் சொன்னார். மேலூர் தாண்டும் வரை அவன் பேசவே இல்லை, அப்புறம் "நான் போன்லயே கேட்டுக்கிறேன்பா, இனிமே மதுரைக்கு வேண்டாம்" என்றான். என் இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு இவ்வளவுதான் வரும் என்றால், முதல் பன்னிரண்டு நாள் எப்படி வந்தது? அதற்குப் பதில் சொல்லுங்கள். குறைந்த விலைக்கு வாங்குகிறவன் குறைந்த மரியாதைக்கும் சேர்த்தா பணம் கொடுக்கிறான்? எங்கள் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சு வைத்து, ஒவ்வொரு நிறமாகக் கையால் ஊற்றிக் கல் போடுகிறோம். ஒரு வீட்டுக்கு 600 கல் போய், அதில் பத்துக் கல்லில் பூ கலங்கியிருக்கிறது என்று ஆச்சி சொல்லி அனுப்பினால், நான் நேரில் போய்க் குனிந்து பார்ப்பேன், பத்துக் கல்லை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவேன். "இந்த விலைக்குப் பூ இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நஷ்டத்தையும் சொல்கிறேன். நான்கு நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது, இரண்டு ஆளுக்குக் கூலி போனது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் செலவு செய்ததைக் கூட்டினால் உங்கள் ஹெட்போனே இன்னொன்று வாங்கியிருக்கலாம். அதைவிட, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் வாசிக்கட்டும் என்று ஆசான் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் பாடம் சரியாக ஏறாததால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுவிட்டார். பிள்ளையின் ஒரு வருடமே போய்விட்டது, அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

ஐயா, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாமலேயே இதெல்லாம் நடந்திருக்கலாம். தயவுசெய்து புது ஹெட்போன் ஒன்று அனுப்புங்கள், அல்லது 1,799 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பழையதை வாங்கிக்கொண்டு போக உங்கள் கூரியர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், ஐந்தாவது முறை நான் மதுரைக்கு வருவதாக இல்லை. அந்தக் கவுண்டர் ஆளை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். என் மகனிடம் போனில் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லட்டும், அது போதும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் ஒரு மனிதர் படித்து ஒரு மனிதர் எழுதிய பதில் வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. அப்போது பஸ் ஏறி வர வேண்டியது நான் இல்லை, நீங்கள். இரண்டு ரசீது, வாரண்டி அட்டை, டோக்கன் சீட்டு, வரச்சொன்ன போன் நேரம், மிக்சர் வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒரு நிலைமைக்கு என்னைக் கொண்டுபோய் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன் செய்வதாக இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் செய்யுங்கள். பகலில் கையெல்லாம் சிமெண்டாக இருக்கும், எடுக்க முடியாது. பேசுகிறவர் ட்ரைவர் என்றால் என்னவென்று தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆத்தங்குடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்