செயலாளரின் ஆண்டறிக்கை: எடுத்தவையும் விட்டுவைத்தவையும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் கடற்கரைத் துப்புரவுப் பணிமுறையில் வந்த பெரிய மாற்றம், கரையை ரேக்கால் (பல் வைத்த வாரியால்) வாருவதைக் கைவிட்டதுதான். ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது) ஏறி நின்ற கோட்டில் ஒதுங்கும் கடற்பாசியைக் குப்பையென்று அள்ளிவிட்டால் கரை பளிச்சென்று தெரியும். ஆனால் பாசிக்குள் தத்தித் திரியும் சிற்றுயிர்கள் அதோடு போய்விடும். அவற்றைத் தின்ன வரும் உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய கரைப்பறவைகளுக்கும் இரை இருக்காது. ஆகவே பாசியைப் புரட்டி, சிக்கியிருக்கும் நைலான் நூல், மூடி, சிகரெட் துண்டு ஆகியவற்றை மட்டும் எடுத்துவிட்டு, பாசியை அங்கேயே போடுகிறோம். சிகரெட் வடிப்பான் பஞ்சல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழி. சிறிதென்று அதை விட்டுவிட வேண்டாம்.

ஆண்டு முழுவதற்கும் துப்புரவுக்கு ஒரே மணியைக் குறித்தது தவறாயிற்று. ஓதநேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கரையில், இந்த வாரம் வற்றமாக இருந்த அதே மணிக்கு அடுத்த வாரம் ஏற்றமாக இருக்கும். இனி ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே நாள் குறிப்போம்.

புதைந்த வலையை இழுக்கக் கூடாது. இழுத்தால் மணல்மேட்டைக் கட்டிவைத்திருக்கும் கொடிகளின் வேரும் சேர்ந்து வரும். வெளியே தெரியும் பகுதியை மணல்மட்டத்தில் வெட்டி எடுத்தால் போதும். ஏதேனும் தோண்ட நேர்ந்தால் குழியை மூடிவிட்டே நகர வேண்டும். கடலை நோக்கிப் போகும் ஆமைக்குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாது. ஆமை முட்டையிடும் பருவத்தில் மணலில் கம்பி குத்துவதும் வண்டி ஓட்டுவதும் அறவே கூடாது.

பாட்டிலைச் சாக்கில் போடுமுன் உள்ளே பாருங்கள். துறவி நண்டு நுழைந்திருக்கும். வழுக்கும் சுவரில் அதனால் ஏறி வர முடியாது. சாய்த்துத் தட்டி வெளியே விடவும். 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள நெகிழிக் குருணைகளை மேல்மணலோடு அள்ளிக் கடல்நீர் வாளியில் கொட்டிக் கலக்கினால், மணல் அடியில் தங்கும், மிதப்பவை மேலே வரும். மிதப்பதில் உயிருள்ளது எதுவும் இல்லை என்று பார்த்த பின்பே வடிகட்ட வேண்டும்.

ஒரு சிறகைத் தொங்கவிட்டு நொண்டியபடி உப்புக்கொத்தி ஓடினால் அதற்கு அடிபடவில்லை. முட்டை பக்கத்தில் இருக்கிறது, நம்மை விலக்கிக் கூட்டிப்போகிறது. அது கூடு கட்டுவதில்லை. மணலில் சிறு பள்ளம்தான், முட்டையும் மணல் நிறம். பறவையைத் தொடராமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது. இதைப் புதியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எடைக் கணக்கில் ஒரு குறை உண்டு. ஈரமும் மணலும் சேர்த்து நிறுத்த எடையை மற்ற நாள் எடையோடு ஒப்பிட முடியாது. இனி உதறி, வகை பிரித்து, எண்ணிக்கையோடு எழுதுவோம்.

ஊசி, கண்ணாடித் துண்டு போட மூடியுள்ள கெட்டியான டப்பா குழுவுக்கு ஒன்று தேவை. சாக்கில் போட்டால் தூக்குபவர் காலைக் குத்தும். இதற்கு ஒப்புதல் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்