பனிமலைத் தலங்களுக்கு அழைத்துச் செல்லும் யாத்திரை ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேதார்நாத், முக்திநாத் போன்ற தலங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து அடியார்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பலர் வெளியிடும் துண்டறிக்கைகளில், முற்பகலில் ஹெலிகாப்டரில் போய்த் தரிசனம், மாலையில் மலைக்குக் கீழே உள்ள குப்தகாசியில் தங்கல் என்று நாளும் வேளையும் குறித்தே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்மடல். பனிமலையில் இறங்கும் ஹெலிகாப்டருக்கு யாரும் வேளை குறிக்க முடியாது. குறித்துவிட்டால், அதைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி கடைசியில் விமானியின் தலையில்தான் போய் விழுகிறது.

கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். காற்றைக் கீழே தள்ளித்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கிறது என்பதால், சமவெளியில் ஆறு பயணிகளோடு சிரமமின்றி எழும்பும் எந்திரம் அங்கே தன் ஆற்றலின் விளிம்பில் பறக்கிறது.

புதிதாக விழுந்த பனி இதைவிடப் பொல்லாதது. தரையை நெருங்கியதும் விசிறிக் காற்று பனித்தூளைக் கிளப்பிவிட, சில நொடிகளில் கண்ணாடிக்கு வெளியே மேலும் கீழும் பக்கமும் ஒரே வெள்ளையாகிவிடுகிறது. ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்று அறிய, அந்த நேரத்தில் ஒரு பாறையோ கொடிக்கம்பமோ விமானியின் கண்ணில் பட்டாக வேண்டும். அது தெரியாமல், நகர்ந்துகொண்டே தரையைத் தொட்டால், பனிக்குள் புதைந்திருக்கும் கல்லில் ஒரு பக்கத்துக் கால் சிக்கி ஹெலிகாப்டர் கவிழ்ந்துவிடும். உயரத்திலேயே சற்று நின்று, பனித்தூளை ஊதித் தள்ளிவிட்டு இறங்கும் முறையும் உண்டு. ஆனால் அப்படி அந்தரத்தில் நிற்பதற்குத்தான் எந்திரத்துக்கு மிக அதிக ஆற்றல் தேவைப்படும். மெல்லிய காற்றில் அவ்வளவு ஆற்றல் எப்போதும் மிச்சமிருப்பதில்லை. பனிக்கு இருக்கும் பரிகாரத்தை உயரம் தடுத்துவிடுகிறது.

2021 மார்ச் 27 அன்று அலாஸ்காவின் நிக் பனியாற்றுப் பகுதியில், பனிச்சறுக்குக்காரர்களை ஒரு மலைமுகட்டில் இறக்க முயன்ற ஹெலிகாப்டர் சரிவில் மோதி உருண்டது. செக் நாட்டுத் தொழிலதிபர் பீட்டர் கெல்னர் உட்பட ஐவர் இறந்தனர். ஆறு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். எல்லாம் வெள்ளையாகிப் பார்வை மறைந்த நிலையை விமானி சரிவரச் சமாளிக்காததே காரணம் என்று முடிவுசெய்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானிகளுக்கு அந்த நிறுவனம் அளித்த பயிற்சியின் குறைபாட்டையும், தேடுதல் படைக்குத் தகவல் தாமதமாகப் போனதையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. பணத்துக்குக் குறைவில்லாத ஓர் இடத்தில் நடந்தது இது.

கேதாரத்தில் அண்மையில் உயிர்களைக் கொண்டுபோன பெரிய விபத்துகளில் பார்வையை மறைத்தது பனித்தூள் அல்ல, மேகம். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாமல் குறுகிய பள்ளத்தாக்கில் பறப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். 2022 அக்டோபர் 18 அன்று கருட்சட்டி அருகே மலையில் மோதிய ஹெலிகாப்டரில் இறந்த ஏழு பேரில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே மேலும் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை.

முப்பது பேரை அழைத்து வந்து, மறுநாள் ஹரித்துவாரில் ரயில் என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டால், மேகம் கவிந்த காலையில் குழுத்தலைவர் கவுண்டரில் போய்ச் சத்தம் போடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திட்டத்தில் ஒரு நாள் உபரியாக இருந்திருந்தால் அவர் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். ஆகவே ஹெலிகாப்டர் உள்ள ஒவ்வொரு பயணத்திலும் குறைந்தது ஒரு நாளை வானிலைக்கென்று ஒதுக்குங்கள். பறப்பு ரத்தானாலும், பாதி வழியில் விமானி திரும்பிவிட்டாலும், கட்டணம் எப்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுங்கள். பயணிகளின் எடையைக் கூச்சத்துக்காகக் குறைத்து எழுத விடாதீர்கள். மெல்லிய காற்றில் அந்தப் பொய்யைச் சுமப்பது எந்திரம்தான்.

பலர் பெட்டியைக் கீழே விட்டுவிட்டு, ஒரு சால்வையும் செருப்புமாக ஏறிவிடுகிறார்கள். மேலே போனபின் வானிலை மூடிக்கொண்டால் அன்றிரவு அங்கேதான் தங்க வேண்டும் என்பதால், கம்பளி உடையும் காலுறையும் அன்றாட மருந்தும் உடம்போடு இருக்கின்றனவா என்று பார்த்தே ஏற்றுங்கள். 2023 ஏப்ரல் 23 அன்று, நடை திறக்க இரண்டு நாள் இருந்தபோது, கேதார்நாத் ஹெலிபேடிலேயே ஓர் அரசு அதிகாரி வால் விசிறியில் அடிபட்டு இறந்தார். வால் பக்கம் போகவே கூடாது, சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமாக நடந்தால் மேல் விசிறி தலைக்கு நெருங்கி வரும், முந்தானையையும் சால்வையையும் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும் என்பவற்றைத் தமிழிலேயே, ஏறுவதற்கு முந்தைய இரவு, வயதானவர்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள். விசிறியின் இரைச்சலில், இந்தியில் கத்தும் ஊழியரின் பேச்சு அவர்களுக்கு எட்டாது.

தரிசனம் கிடைக்காமல் திரும்புவதைக் குறையாக எண்ணும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய மனத்தாங்கலை நான் அறிவேன். திருஞானசம்பந்தர் திருக்கேதாரத்தைத் திருக்காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு; குப்தகாசியிலும் விசுவநாதர் கோயில் இருக்கிறது. இதைச் சொல்லும் பொறுப்பை அந்த நேரத்தில் நீங்கள்தான் ஏற்க வேண்டும், ஹெலிபேடில் நிற்கும் விமானி அல்ல.

அடுத்த பருவத்துத் துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஹெலிகாப்டர் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் வானிலை இடம் கொடுத்தால் மட்டுமே என்பதைப் படிக்கும் அளவிலான எழுத்தில் சேர்த்து, பணம் திரும்பும் விதியையும் அதன் கீழேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாத்திரை செல்வோரில் ஒருவர்