எஸ்.பி.எம்.மின் ஊரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். இயக்குநர் எஸ்.பி. முத்துராமன் குறித்த தங்கள் கட்டுரை, ரஜினியை வைத்து அவர் எடுத்த 25 படங்களோடு நின்றுவிட்டது. அவர் எங்கள் காரைக்குடிக்காரர். திராவிட இயக்கப் பேச்சாளர் இராம. சுப்பையாவின் மகன், சுப. வீரபாண்டியனின் அண்ணன். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் 'தென்றல்' இதழில் வேலை பார்த்து, அப்புறம்தான் ஏவி.எம். படத்தொகுப்புப் பிரிவுக்குப் போனார். தம்பி தங்கைகளுக்காகவே தேயும் அண்ணனாக ரஜினியை 1979-இல் 'ஆறிலிருந்து அறுபது வரை'யில் காட்டிய துணிச்சலுக்கு, இந்த வளர்ப்பும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டுவது என் தொழில். வருகிறவர்கள் முகப்புத் தூணைத் தடவிக்கொண்டே, “இங்கே என்ன படம் எடுத்தார்கள்?” என்றுதான் கேட்கிறார்கள். இந்த மண்ணிலிருந்து போய்ப் படம் எடுத்தவரைச் சொன்னால் வியந்துபோகிறார்கள். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் அவருடைய படத்தோடு ஒரு குறிப்புப் பலகையை மாநகராட்சி வைக்கலாம்.