அவசரக்காரனின் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தக்காளி, கத்தரி நோய்கள் பற்றிய கட்டுரை படித்தேன். நோய்ப் பூஞ்சாணத்தை அழிக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி பலன் தராமல் போவதற்கு விவசாயியின் அவசரம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பது வருடமாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவன் நான். அவசரப்பட்டால் நடக்கிற தொழிலா இது?

போன ஆடியில் நாற்றங்காலில் அழுகல் விழுந்தது. காலையில் நின்ற நாற்று மாலையில் அடித்தண்டு நைந்து சாய்ந்து கிடந்தது. சரி, மறு விதைப்புக்காவது விதையில் கலந்து விதை நேர்த்தி செய்யலாம் என்று விரிடி வாங்கப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, களைக்கொல்லி டப்பாக்களுக்கு நடுவிலிருந்து ஒரு பாக்கெட்டைத் தூசி தட்டிக் கொடுத்தார் கடைக்காரர். தயாரித்து ஒன்பது மாதம். டால்க் மாவில் கலந்த விரிடிக்கு ஆயுசு நாலு மாதம்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. நோய்ப் பூஞ்சாணத்தைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைத்துத் தின்ன வேண்டிய உயிர் அது. கடைச் சூட்டிலேயே வெந்து செத்தது எதைத் தின்னும்? "கூடவே கார்பன்டசிமும் கொஞ்சம் கலந்துக்குங்க, நல்லா கேக்கும்" என்று இலவச யோசனை வேறு. கார்பன்டசிம் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி. அது என்ன, நல்லவன் கெட்டவன் விசாரித்துவிட்டா கொல்லும்?

அதற்கு முந்தைய வருடம் கத்தரி பச்சையாகவே வாடியது. வயலை எட்டிப் பார்க்காமல் போனிலேயே விரிடி போடச் சொன்னார் ஒரு ஆலோசகர். தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். பால் போல நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல். அதற்கு விரிடி மருந்தா? இந்த டம்ளர் சோதனையைச் சொல்ல உங்கள் நாலு பக்கக் கட்டுரையில் இடமில்லை. அரைப் பக்கத்துக்குச் சிரிக்கும் தக்காளிப் படத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

அளவும் சொல்லவில்லை. விதை கிலோவுக்கு 4 கிராம். நிலத்துக்கு என்றால் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும். மருமகன் வேளாண் கல்லூரியிலிருந்து புதிய பாக்கெட் வாங்கி வந்தான். அதை வைத்து விதைத்த மேட்டுப்பாத்தியில் நாற்று நின்றது. அதே மண், அதே தண்ணீர், அதே அவசரக்காரன்.

வெங்காய அழுகல் பற்றி முன்பு எழுதிய கடிதத்தைத் தாங்கள் போடவில்லை. பரவாயில்லை, இதையும் போட வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், தயாரிப்புத் தேதி பார்த்து வாங்கவும் என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
ஒட்டன்சத்திரம்.