பழைய படங்களுக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு,

உதகையின் பழைய புகைப்படங்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடம் வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். மிகச் சரியான கோரிக்கை. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் போன்றவர்கள் 1860களில் படமெடுத்தபோது, கண்ணாடித் தகட்டில் பூசிய கலவை ஈரம் காய்வதற்குள் எடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த அக்காலப் படங்களில் ஏரிக்கும் மலைக்கும் பெயர் உண்டு. எதிரே நின்ற மனிதர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. 'தோடர் பெண்', 'தோடர் குடும்பம்' என்பதோடு சரி. அதே விளக்கங்களைக் காட்சிக்கூடத்திலும் ஒட்டிவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு படத்தின் நகலை, பழக்கமான தோடர் பாட்டி ஒருவரிடம் காட்டினேன். முகங்கள் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பின்னால் தெரிந்த மலைமுகட்டில் விரலை வைத்து, "இது எங்க மந்துக்கு மேல இருக்கிற மலை" என்றார். மந்து என்பது தோடர் குடியிருப்பு. அவர் இப்போது இல்லை. கட்டடம் வரும்வரை காத்திராமல், நகல்களோடு மந்துகளுக்கும் கோத்தர் ஊர்களுக்கும் படுகர் ஹட்டிகளுக்கும் சென்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயரோடு படத்தின் கீழேயே அச்சிட அருங்காட்சியகத் துறை முன்வர வேண்டும்.

– வாசகர், குன்னூர்