பற்றரிப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த படத்தை எங்கள் கடைக்கு வந்துபோகிற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பழைய ஓட்டோவின் சில்லையும் தகரத்தையும் வைத்து எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் மின்சாரக் கார் செய்து, அதன்மேல் கை வைத்தபடி நிற்கிறார். பார்க்கப் பெருமையாக இருந்தது. செய்தியில் காரின் வேகம் இருந்தது, செலவான காசு இருந்தது, எத்தனை மாதம் எடுத்தது என்றும் இருந்தது. பற்றரியைப் பற்றி மட்டும் இரண்டே சொல்: ‘பற்றரியில் இயங்குகிறது’. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவன். தண்ணீர்ப் பம்பு, மா அரைக்கிற மில் மோட்டர் என்று எரிந்துபோனதெல்லாம் என்னிடம்தான் வரும். 2022 ஆடியில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். எனக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே வயல். போக வர, பசளை ஏற்ற, மருந்துத் தண்ணீர் கொண்டுபோக அது எந்த மூலைக்கு? எஞ்சின் இல்லாத மாருதி 800 ஒன்று வளவில் நின்றது. அதற்கு மோட்டர் பொருத்தினேன். அது பதிவில்லாத வண்டி, பெருந்தெருவில் ஏற்றுவதில்லை. வளவும் வயல் பாதையும்தான் அதற்கு.

மோட்டரைக் கியர்ப் பெட்டியோடு பூட்ட ஒரு கிழமை போதுமாக இருந்தது. பற்றரி சரிவர ஒன்றரை வருடம் போயிற்று.

முதலில் லொறிக்குப் போடுகிற 12 வோல்ற் பற்றரி ஆறு வாங்கித் தொடராக இணைத்தேன். 72 வோல்ற். லொறிப் பற்றரி எஞ்சினை ஸ்ராட் பண்ணுவதற்கென்று செய்தது. சில விநாடிக்கு நிறையக் கறண்டைக் கொடுத்துவிட்டு உடனேயே திரும்ப நிரம்பிக்கொள்ளும். அதற்காகவே தகடுகளை மெல்லிதாகச் செய்வார்கள். அதை அடிவரை வற்றவிட்டு, பிறகு ஏற்றி, மறுநாளும் வற்றவிட்டால் தாங்காது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் விலை குறைவென்று போட்டேன். அறுவடை நேரம் களைப்பில் மூன்று நாள் சார்ஜ் போடாமல் வெறும் பற்றரியாகவே விட்டேன். தகட்டில் சல்பேற்று படிந்து இறுகிவிட்டது. நாலு மாதத்தில் ஆறும் முடிந்தன.

எங்கள் வயதுக்காரருக்கு இது வெறும் காசு நட்டம் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றரி வர முடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் கறண்டில் அப்பா ரேடியோவில் செய்தி கேட்பார். கை ஓய்ந்தால் செய்தி மங்கிவிடும். தீர்ந்துபோன ரோச் பற்றரிகளை அம்மா கூரைத் தகரத்தில் வெயிலுக்கு அடுக்கி வைப்பா, இரவுக்குக் கொஞ்ச நேரமாவது எரியட்டும் என்று. அப்படி வளர்ந்தவன் ஆறு புதுப் பற்றரியைக் கவனமில்லாமல் கொன்றுவிட்டேனே என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்ததாக லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையில் 24 கலம் எடுத்தேன். (பொடியள் ‘செல்’ என்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எறிகணை என்று வேறு பொருள் இருந்தது. என் வாயில் இன்றுவரை வருவதில்லை. கலம் என்றே எழுதுகிறேன்.) ஒன்று 3.2 வோல்ற், 100 அம்பியர் மணி, நிறை ஏறக்குறைய 2 கிலோ. இருபத்துநான்கையும் தொடராகப் போட்டால் 76.8 வோல்ற், அதாவது 7.68 கிலோவாற் மணி. கணக்கு அழகாக வந்தது. கலங்கள் வந்த அன்றே மீற்றர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் 3.29, 3.30 என்று காட்டின. சரி, எல்லாம் ஒரே அளவு என்று நினைத்து, ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றையும் தனித்தனியே பார்த்துக் காக்கிற பாதுகாப்புப் பலகை வருமுன்னரே பெட்டியில் அடுக்கிச் சார்ஜரைப் போட்டுவிட்டேன்.

அங்கேதான் பிழை விட்டேன். இதைத்தான் நான் எல்லாத் தம்பிமாருக்கும் சொல்ல விரும்புகிறேன். இந்த வகைக் கலம் பாதி நிரம்பியிருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் மீற்றரில் கிட்டத்தட்ட ஒரே எண்ணையே காட்டும். நிரம்பப் போகிற கடைசி நேரத்தில்தான் வோல்ற் சடாரென்று ஏறும். சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ற் மட்டும். 24 கலத்துக்கும் சேர்த்து 87.6 வரும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஏற்கெனவே நிரம்பியிருந்த ஒரு கலம் தன் எல்லையான 3.65ஐத் தாண்டிப் போய்விடும். பின்தங்கிய கலங்கள் அப்போதும் 3.35இல் நிற்கும். மொத்தக் கணக்கில் பிழை தெரியாது. விடிய எழுந்து பார்த்தபோது பதினோராவது கலம் வயிறு ஊதி நின்றது. அதன் நீலப் பிளாஸ்ரிக் உறை ஓரத்தில் வெளிறிக் கிழியப் பார்த்தது. இரண்டு கலத்துக்கும் நடுவே வைத்த பைபர் மட்டை வில்லாக வளைந்திருந்தது. புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனபோதே சூடு தெரிந்தது. வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் வெளியே போகச் சொல்லிவிட்டு மெயினை நிறுத்தினேன்.

மாற்றுக் கலம் வரும்வரை காத்திருந்து, பிறகு முறையாகச் செய்தேன். பாதுகாப்புப் பலகையோடு, அதுதான் பி.எம்.எஸ் என்பது, முதலில் தொடராகவே சார்ஜ் ஏற்றினேன். எந்தக் கலம் முதலில் நிரம்புகிறதோ அந்த இடத்தில் பலகை நிறுத்திவிடும். அதன்பிறகு எல்லாவற்றையும் கழற்றி, நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று 24ஐயும் சமாந்தரமாக இணைத்தேன். பவர் சப்ளையைக் கலத்தில் தொடுக்குமுன்னரே 3.65 வோல்ற்றுக்கு வைத்து, மீற்றரிலும் சரிபார்த்துவிட்டு, 10 அம்பியரில் ஏற்றினேன். இரண்டு நாள் எடுத்தது. இடையில் கறண்டும் போய் வந்தது. கலங்களுக்குள் ஏறுகிற கறண்ட் மெல்ல மெல்லக் குறைந்து 2 அம்பியருக்குக் கீழே வந்த பிறகே நிறுத்தினேன். இப்போது 24 கலமும் ஒரே மட்டத்தில் நிரம்பிவிட்டன. இதைப் பெட்டி மூடுமுன் ஒருமுறை செய்தால் போதும், அதற்குப் பிறகு வருகிற சின்ன வித்தியாசத்தைப் பலகை பார்த்துக்கொள்ளும். இரண்டு நாள் பொறுக்க முடியாமல், கறண்ட் மெதுவாக ஏறுகிறதே என்று பவர் சப்ளையில் வோல்ற்றைக் கூட்டி வைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். கலம் நிரம்பியதும் கூட்டி வைத்த வோல்ற் முழுவதும் அதன்மேல் ஏறும்.

பலகைக்குப் போகிற மெல்லிய வயர்கள் 25. அவற்றைப் பலகையில் செருகுமுன் செருகியின் ஒவ்வொரு பல்லிலும் மீற்றர் முனையை வைத்துப் பாருங்கள். 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் 79.2 வரவேண்டும். ஒரு படி தவறினால் அங்கே வயர் மாறியிருக்கிறது. பார்க்காமல் செருகினால் பலகை புகைந்துவிடும். கலத்தின் அலுமினிய முனையை மெல்லிய மண்தாளால் துடைத்துவிட்டே செப்புப் பட்டையை வையுங்கள். ஒரு நட்டு இளகி, அங்கே ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை வந்தாலும், 150 அம்பியர் ஓடும்போது 22 வாற்றுக்கு மேல் சூடாகும். அது சின்னச் சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டா வயலுக்குப் போவது?

என் கடைச் சுவரில் பாதி உருகிய 10ஆம் நம்பர் ஸ்பனர் ஒன்று தொங்குகிறது. கை தவறி இரண்டு முனைக்குக் குறுக்கே விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை, நீல வெளிச்சம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பிடிக்கு ரேப் சுற்றாத ஆயுதம் எதையும் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை. மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவேன். வீட்டு மெயின் பெட்டியில் இருக்கிற பிரேக்கரை எடுத்துக் காருக்குப் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். வீட்டுக் கறண்ட் விநாடிக்கு 100 தரம் பூச்சியத்துக்கு வந்து போகும். அதனால் பிரேக்கர் விழும்போது பொறி அணைந்துவிடும். பற்றரிக் கறண்டில் அந்த இடைவெளி இல்லை, பொறி அப்படியே நின்று எரியும். நேர்மின்னோட்டத்துக்கென்று செய்த பியூஸ்தான் வேண்டும். அதையும் பற்றரியின் நேர்முனைக்கு ஒட்டியபடியே போடவேண்டும்.

இனிச் சார்ஜர். போன மாதம் பக்கத்து ஊர்ப் பொடியன் ஒருவர் பழைய மின்சார ஸ்கூட்டர்ப் பற்றரி ஒன்றையும் வேறெங்கோ வாங்கிய சார்ஜர் ஒன்றையும் கொண்டுவந்தார். இரண்டிலும் 72 வோல்ற் என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் பற்றரியில் இருந்தது வேறு வகை லிதியம், ஒரு கலத்தின் எல்லை 4.2 வோல்ற். இருபது கலம், ஆகவே 84ஓடு நிற்கவேண்டும். சார்ஜரோ ஈயப் பற்றரிக்குச் செய்தது. மீற்றரில் 88.2 காட்டியது. இருபதால் பிரித்தால் கலத்துக்கு 4.41. கேட்டபோது, பாயும் தலையணையும் இருக்கிற அறையில்தான் சார்ஜ் போடுகிறேன் அண்ணை என்றார். அந்தப் பொடியனுக்குப் பத்தொன்பது வயது. பற்றரியோடு வந்த பலகை இதுவரை தடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. அது என்றைக்காவது பழுதானால் நடுச்சாமத்தில் அவரை எழுப்ப யார் இருக்கிறார்கள்? ஒட்டியிருக்கிற 72ஐ நம்பாதீர்கள். என்ன வகை, எத்தனை கலம், நிறுத்துகிற வோல்ற் என்ன என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நான் என்னுடையதை 87.6 வரை கொண்டுபோவதில்லை. கலத்துக்கு 3.45 வீதம் 82.8இல் நிறுத்துகிறேன். ஓட்டத்தில் பெரிய குறைவு தெரியவில்லை, கலத்துக்கும் நோகாது. 15 அம்பியரில் போட்டால் ஐந்து ஐந்தரை மணித்தியாலம். எங்கள் பக்கம் பின்னேரத்தில் பம்புகள் எல்லாம் ஓடுகிற நேரம் வீட்டில் 190 வோல்ற்தான் வரும், அப்போது சார்ஜர் வயரில் கூடுதலாக இழுக்கும். அதனால் இரவு பத்துக்குப் பிறகே போடுவேன். பங்குனி, சித்திரை வெயிலில் வயலால் வந்த கையோடு ஒருநாளும் போடமாட்டேன். தகரப் பெட்டியில் கை வைக்க முடியாது. மாமர நிழலில் நிறுத்தி மூடியைத் திறந்துவிட்டால் இரவுக்குள் ஆறிவிடும்.

ஆசிரியர் அவர்களே, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து, தம்பிமார் கொண்டுவருகிற கலங்களின் கொள்ளளவை அளந்து, பெட்டியைப் பார்த்து, இது சரி, இது பிழை என்று சொல்லி அனுப்பினால் போதும். சான்றிதழ் எதுவும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளிடம் கை இருக்கிறது, துணிவு இருக்கிறது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்தக் காலத்தில் பிழை விட்டால் சைக்கிள் நின்றுவிடும், உருட்டிக்கொண்டு வரலாம். இதில் பிழை விட்டால் வீடு எரியும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு பிள்ளையைப் படம் எடுக்கப் போகும்போது, பற்றரிப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை கலம், பலகை எங்கே, பியூஸ் எங்கே, சார்ஜர் எத்தனை வோல்ற்றில் நிற்கிறது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். வாசித்துவிட்டு அதேபோலச் செய்யப் போகிற பத்துப் பேர் அதையும் பார்த்துச் செய்வார்கள்.

கலங்களைச் சமநிலைப்படுத்த நான் வாங்கிய பவர் சப்ளை மாதக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. தேவைப்படுகிறவர்கள் ஒட்டுசுட்டானில் மோட்டர் சுற்றுகிற கடை எதுவென்று கேட்டு வரலாம், இரவலாகத் தருகிறேன். வரும்போது மீற்றரையும் கொண்டுவாருங்கள், முதல் தரம் 3.65க்கு வைப்பதை இருவருமாகப் பார்ப்போம்.

இப்படிக்கு,
மோட்டர் சுற்றும் தொழிலாளி,
ஒட்டுசுட்டான்.